‘அது’ என்னும் மாறி: ஒரு கண்டி ஆய்வு

கட்டுகஸ்தோட்டை வீட்டில் அம்மா சொன்ன ‘அது’, கண்டி மத்திய சந்தைக்கு வந்து சேர்வதற்குள் எங்கே தொலைகிறது என்பதே இவ்வாய்வின் பொருள். அ, இ, உ மூன்றும் சுட்டு என்றார் தொல்காப்பியர். சுட்டு எத்தனை மைல் தாங்கும் என்று அவர் சொல்லவில்லை. அக்குறையை ஈண்டு நிரப்புகிறோம்.

“தம்பி, வரக்குள்ள அதையும் வாங்கிட்டு வா.” குசினிக்குள் இதில் மயக்கமே இல்லை. அடுப்படியில் காலிப் போத்தல் ஒன்று சாட்சிக்கு நிற்கிறது. பஸ் ஏறி வந்து, “முதலாளி, அது இருக்கா?” என்றால், அவர் தராசைப் பிடித்தபடி, “எது தம்பி?” என்கிறார்.

பவர்ஷெல் என்னும் கணினிக் கட்டளைமொழியில் பிழைப்பு நடத்தும் எனக்கு இது புதிதல்ல. என் கணினியில் ஒரு மாறிக்கு மதிப்புக் கொடுத்துவிட்டு, இன்வோக்-கமாண்ட் வழியாக ஸ்க்ரிப்ட்டைத் தூரத்துச் சர்வருக்கு அனுப்பினால், மாறியின் பெயர் போகும், மதிப்பு வீட்டிலேயே கிடக்கும். தூரம்கூட வேண்டாம். ஸ்டார்ட்-ஜொப் போட்டால் அதே கணினியில் வேறொரு ப்ராசஸ். அதற்கும் நம் ‘அது’ தெரியாது. முதலாளியாவது திருப்பிக் கேட்டார். சர்வர் கேட்காது. ஸ்ட்ரிக்ட்மோட் போட்டுக் கண்டித்து வைக்காவிட்டால், “வணக்கம்” என்று எழுதி, பெயர் வரவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு, வேலை முடிந்தது என்றும் சொல்லிவிடும்.

பரிகாரம் 2012இல் வந்தது. பவர்ஷெல் 3.0இல், டாலர் குறிக்கும் பெயருக்கும் நடுவே ‘யூசிங்’ என்றொரு சொல்லும் முக்காற்புள்ளியும் இட்டால் மதிப்பும் கூடவே பஸ் ஏறும். அதற்கு முன் துண்டு எழுதிக் கொடுப்பதுதான் வழி: ஆர்கியுமென்ட்லிஸ்ட்டில் அனுப்பி, மறுபக்கம் பாரம் என்று வாங்கிக்கொள்வது. இதில் ஒரு பொறி உண்டு. பருப்பு, மாசி, சீனி என்று ஒரே பட்டியலை மட்டும் அனுப்பினால், அது வழியில் சிதறும். வாங்க நிற்கும் ஒற்றை மாறியின் கையில் பருப்பு மட்டும் விழும். பட்டியலுக்கு முன்னால் ஒரு காற்புள்ளி போட்டால் மூன்றும் கட்டாகப் போய்ச் சேரும். இந்தக் காற்புள்ளியைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழுப் பிற்பகல் சென்றது.

திரும்பி வருவது பற்றியும் ஆய்தல் தகும். 1660இல் கொட்டியாரத்தில் பிடிபட்ட ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ், கண்டி இராச்சியத்தில் சிறையிருந்து 1679இல் அரிப்புக்குத் தப்பினார். 1681இல் லண்டனில் நூல் வெளியிட்டார். அந்த நூலில் வரும் கண்டியில் யானை உண்டு, ஏற முடியாது. சர்வரிலிருந்து வரும் பொருளும் அப்படியே. எக்ஸ்எம்எல் ஆகி வந்த ப்ராசஸுக்குப் பெயரும் எண்ணும் இருக்கும். நிறுத்தச் சொன்னால், அந்தக் கட்டளையே அதனிடம் இராது.

நான் வினாகிரி வாங்கிப் போனேன். அம்மா கேட்டது நல்லெண்ணெய். மறுநாள் அவர் துண்டும் எழுதவில்லை, பெயரும் சொல்லவில்லை. பவர்ஷெல்லால் முடியாததைச் செய்தார். காலிப் போத்தலையே என் பையில் வைத்து அனுப்பினார். முதல் வளைவிலேயே அது பையிலிருந்து நழுவி, உருண்டு, கண்டக்டரின் காலடியில் போய் நின்றது.

“இது யார்ட?” என்றார் அவர்.