உணவு சுவையாக இருந்தது ஐயா!

பெறுநர்: நோயாளி அனுபவப் பிரிவு மேலாளர் அவர்கள், ஆவடிப் பக்கத்துப் பெரிய தனியார் மருத்துவமனை.

மகா கனம் பொருந்திய ஐயா,

போன செவ்வாய்க்கிழமை என் நான்கு வயது மகனுக்குத் தங்கள் டே கேரில் ஹெர்னியா ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளியாமல் அவன் என் சட்டையில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தபோது தங்கள் ஊழியப் பெண் டேப்லெட்டை நீட்டி, "சார், ஃபீட்பேக் குடுத்துட்டீங்கன்னா கையில இருக்கற வென்ஃப்ளானை எடுத்துடுவாங்க" என்றார். ஒரு கையால் அவனைப் பிடித்தபடி மறு கையால் எல்லாவற்றுக்கும் ஐந்து நட்சத்திரம் அமுக்கினேன். ஊசி உடனே வெளியே வந்தது. அவசரத்தில் விட்டுப்போனதை இப்போது எழுதுகிறேன்.

முதல் கேள்வியே 'உணவு சுவையாக இருந்ததா?' பதில் சொல்லாமல் தாண்ட முடியாது. தங்கள் உத்தரவுப்படி முந்தின இரவு பத்து மணியிலிருந்து பையன் வாயில் பச்சைத் தண்ணீர் படவில்லை. காலை ஏழு மணிக்கு ஆஜரானோம். தியேட்டர் கதவு திறந்தபோது மதியம் ஒன்றரை. வைகுண்ட ஏகாதசிக்கு முழுப்பட்டினி கிடக்கும் என் அம்மாகூட நடுவில் துளசித் தீர்த்தம் குடிப்பார். பக்கத்து மாங்காட்டில் காமாட்சி தீ நடுவே ஊசிமுனையில் தவம் இருந்தாள் என்பார்கள். அவளுக்காவது ஈசன் வருவார் என்று தெரியும். மயக்க டாக்டர் எப்போது வருவார் என்று எங்களுக்குச் சொல்ல ஆளில்லை. "அப்பா, அந்தத் தண்ணிக் கேன் மேல கை மட்டும் வெச்சுக்கட்டா?" என்று கேட்டான் பையன். வைத்துக்கொண்டான், ரொம்ப நேரம்.

இத்தனைக்கும் ஆபரேஷனுக்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை தண்ணீர் கொடுக்கலாம் என்று அமெரிக்க மயக்கவியல் சங்கம் 1999-லேயே எழுதிவைத்துவிட்டது. ஐரோப்பியர்கள் 2022-ல் குழந்தைகளுக்கு அதை ஒரு மணி நேரமாகவே குறைத்துவிட்டார்கள். எல்லாரையும் விடிகாலையில் வரவழைத்து ஒரே பட்டினி போட்டால் டாக்டர் எப்போது வந்தாலும் கேஸ் ரெடி, அவ்வளவுதானே? உங்கள் வசதிக்கு ஒரு பச்சைப் பிள்ளையின் தொண்டையைக் காயப்போட உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

மன்னிக்கவும். விரத மகிமை அறியாத பாமரன். பில்லில் 'டயட் சார்ஜ்' பார்த்த பிறகுதான் விரதத்துக்கும் காணிக்கை உண்டு என்று புரிந்தது.

மாலை மூன்றரைக்கு வீட்டுக்குப் போகலாம் என்றார் சர்ஜன். தங்கமான மனிதர், தையல் இருந்த இடமே தெரியவில்லை. அவரைப் பற்றி டேப்லெட்டில் கேள்வியே இல்லை. டிஸ்சார்ஜுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி மூன்று மணி நேரத்துக்குள் ஒப்புதல் தரவேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 மே மாதம் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஆனால் தாங்கள் பில்லை அனுப்பினால்தானே அந்தக் கடிகாரம் ஓடும்? அன்று தங்கள் பில்லிங் கவுன்ட்டரும் விரதம்.

டே கேர் என்பதே பிள்ளையைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பத்தானே? 1909-ல் கிளாஸ்கோவின் ஜேம்ஸ் நிக்கல் என்ற சர்ஜன், பத்தாண்டுகளில் 8,988 ஆபரேஷன்களைப் படுக்கையில் சேர்க்காமலே செய்து குழந்தைகளை வீட்டுக்கு அனுப்பியதாக அறிக்கை படித்தார். ஏறக்குறைய பாதிப் பேர் மூன்று வயதுக்கும் கீழே. வார்டைவிட அம்மா மடி மேல் என்பது அவர் கட்சி. தனக்கு எத்தனை நட்சத்திரம் என்று தெரியாமலே போய்ச் சேர்ந்துவிட்டார், பாவம்.

ஆபரேஷன் ஆன அன்று இரவு பையனுக்கு ஜுரம். டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்த அவசர எண்ணை அழைத்தால் மாஸ்டர் ஹெல்த் செக்கப் சலுகையைப் பற்றி ஒரு பெண் குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. மனிதக் குரல் விரதம். மறுநாள் காலை தாங்களே அழைத்தீர்கள். நெஞ்சு குளிர்ந்தது. "சார், அதே ஐந்து ஸ்டாரை கூகுளிலும் போட முடியுமா?"

போட்டுவிடுகிறேன் ஐயா. அதற்கு முன், நாளை வரும் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தியேட்டர் நேரத்தைச் சொல்லி, அதைப் பார்த்துத் தண்ணீரை நிறுத்தச் சொல்லுங்கள். ராத்திரியில் அந்த எண்ணை எடுக்க ஒரு நர்ஸை உட்காரவையுங்கள். ஊசியை முதலில் எடுங்கள், டேப்லெட்டைப் பிறகு நீட்டுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் கணக்கில் முழுத் திருப்தியடைந்த தகப்பன்,
அம்பத்தூர்.