பஞ்சுருளையின் பராக்கிரமம்

பூமியின் உதரத்தில் 3 கிலோமீட்டருக்கும் அப்பால் கூச்சமின்றி இறங்கித் தங்கம் தோண்டிய கோலார் தங்கவயலில், ராபர்ட்சன்பேட்டை மருந்துக்கடையில் ஒரு டாம்பன் பஞ்சுருளை டப்பா, கள்ளச்சரக்கேபோல் செய்தித்தாளில் சுற்றப்பட்டுக் கைமாறுவது லோகாசாரம்.

அந்தப் பஞ்சுருளையோ மாதவிலக்குக்கு வெளியிலும் கீர்த்தி பெற்றது. 2015-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தார் அதை ஓடைகளில் சேரும் மழைநீர்க் குழாய்வாய்களில் மூன்று நாள் தொங்கவிட்டு, சலவைத்தூளின் வெண்மையூட்டிகளை உறிஞ்சிய பஞ்சு புற ஊதா விளக்கில் ஒளிர்வதைக்கொண்டே, வீட்டுக் கழிவுநீர் களவாய்க் கலக்கும் இடங்களைக் கண்டுபிடித்தார்கள். எங்கள் தங்கவயலின் உரிகத்துச் சாக்கடைக்கு அந்த விளக்குச் செலவு அநாவசியம், மூக்கே போதும். அங்கே சுரங்கக் கழிவாய்க் குவிந்த சயனைட் மேட்டுத் தூசியையோ எந்தப் பஞ்சும் ஒளிர்ந்து காட்டப்போவதில்லை.

ஆயினும் அதே பஞ்சை ஆழ்ந்த காயத்தில் திணிக்கும்படி சொல்லும் திண்ணை வைத்தியர்களுக்கு ஒரு விக்ஞாபனம்: பஞ்சு இரத்தத்தைக் குடிக்குமேயன்றி நிறுத்தாது, நிறுத்துவது, சுத்தமான துணியை வைத்துக் கொடுக்கும் அழுத்தம். மூக்கில் ரத்தம் வந்தால், முன்குனிந்து அதன் மென்பகுதியைப் பத்து நிமிஷம் இறுகப் பிடித்தலே உத்தமம். உள்ளே திணித்து மறந்த பஞ்சு, அபூர்வமாகவேனும், பிராணாபத்தான நஞ்சதிர்ச்சியை விளைவிக்கும்.

கடையில் அதைக் கேட்டு வாங்க நாணும் ஆண்மக்கள், அதன் அநேகவித உபயோகங்களை உபதேசிக்க மட்டும் நாணுவதேயில்லை.