நரகத்தில் ஒரு காபி, கந்தகம் தூக்கலாக!

லாக்கப் மாதிரி கம்பி போட்ட அறைக்குள் டேபிள். கைதி டிரெஸ்ஸில் வெயிட்டர். இப்படி ரெஸ்டாரண்டுகள் சென்னை உள்படப் பல ஊர்களில் வந்தாச்சு. ‘என்ன ஒரு ஐடியா!’ என்று சிலாகிக்கிற நண்பர்களை அன்போடு உட்காரவைத்து ஒரு தகவல் சொல்லுங்கள். பாரீஸில் ஒருத்தர் இதை 1885-லேயே செய்து, காசு பார்த்து, கடையையும் மூடிவிட்டார். அதிலும் அவர் நிஜமாகவே கடுங்காவல் தண்டனை அனுபவித்துவிட்டு வந்தவர். ஹோம்வொர்க் என்றால் அதுவல்லவா ஹோம்வொர்க்!

ஜெயில் மட்டுமா? திட்டு வாங்கிக்கொண்டே பீர் குடிக்கிற கடை, சவப்பெட்டி மேல் கிளாஸ் வைக்கிற கடை, நரகம், அதன் பக்கத்துக் கதவில் சொர்க்கம். எல்லாம் மோன்மார்த்ர் குன்றின் அடிவாரத்தில், பத்துப் பதினைந்து வருஷத்துக்குள், நடந்துபோகிற தூரத்தில் வரிசையாக முளைத்தன. அதே வருஷங்களில் குன்றின் உச்சியில் தேசத்தின் பாவங்களுக்குப் பரிகாரமாக சாக்ரே-கேர் என்ற பிரம்மாண்டமான தேவாலயத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மேலே பரிகாரம், கீழே பாவம். டவுன் பிளானிங்கில் பிரெஞ்சுக்காரர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

ஏன் மோன்மார்த்ர்? ‘கலைஞர்களின் புண்ணிய பூமி, சுதந்திரக் காற்று’ என்று டூரிஸ்ட் கைடு ஆரம்பிப்பார். விஷயம் அதைவிட எளிது. 1860 வரை அது பாரீஸ் நகரத்தில் சேர்ந்ததே இல்லை. நகரத்தின் வரிச்சுவருக்கு வெளியே இருந்ததால் ஒயினுக்கு நகர வரி கிடையாது. பாரீஸே சாயங்காலமானால் சுவரைத் தாண்டி நடந்தது. பிற்பாடு ஓவியம் வளர்ந்தது, கவிதை வளர்ந்தது, எல்லாம் வாஸ்தவம். ஆனால் அஸ்திவாரம் போட்டது டாக்ஸ் சேவிங்.

இந்தக் கூத்துக்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டவர் ரோடோல்ஃப் சாலிஸ். ஓவியராகி உலகை உலுக்குவது என்ற லட்சியத்தோடு பாரீஸுக்கு வந்தார். நண்பர்களைச் சேர்த்து, வாயில் நுழையாத பெயரில் புரட்சிகரக் கலைக்குழு ஒன்று ஆரம்பித்தார். குழு வயிறு வளர்த்தது எப்படித் தெரியுமா? சர்ச்சுகளுக்குச் சிலுவைப் பாதைப் படங்கள் போட்டு! ஒருத்தர் தலைகள் மட்டும் வரைவார், இன்னொருத்தர் கைகள், மூன்றாமவர் துணி மடிப்புகள், சாலிஸ் பின்னணி. படம் ஒன்று 8 முதல் 14 ஃபிராங்க். ஹென்றி ஃபோர்டு கார் தொழிற்சாலையில் செய்த அசெம்ப்ளி லைன் தந்திரத்தை இவர்கள் ஏசுநாதரை வைத்தே செய்துமுடித்திருந்தார்கள்.

தன் ஓவியத்தால் உலகம் உலுங்கவில்லை என்று தெரிந்ததும், 1881 நவம்பரில் சாலிஸ் கடை திறந்தார். ‘ல ஷா நுவார்’, அதாவது கறுப்புப் பூனை. ஒயின் படு சுமார். சாதாரண முதலாளியாக இருந்தால் ஒயினை மாற்றியிருப்பார். சாலிஸ் மேதை, வெயிட்டரின் சட்டையை மாற்றினார்.

என்ன சட்டை? பிரான்ஸின் மகா கௌரவமான சபை, பிரெஞ்சு அகாதெமி. நாற்பதே நாற்பது உறுப்பினர்கள். ‘சாகாவரம் பெற்றவர்கள்’ என்று பட்டப்பெயர் வேறு. அவர்கள் அணியும் பச்சைப் பூவேலைக் கோட்டை அப்படியே தைத்து, தட்டு தூக்கும் பையன்களுக்கு மாட்டிவிட்டார். அந்த நாற்காலிக்காக ஆயுள் முழுக்க ஆள்பிடித்த எழுத்தாளர்கள் எத்தனையோ பேர். இங்கே பீர் ஊற்றத் தெரிந்தால் போதும், அன்றைக்கே அமரத்துவம்.

வாசலில் தங்கச் சரிகையில் ஜொலிக்கும் காவலாளி. பாதிரியாரையும் பட்டாளத்தானையும் உள்ளே விடாதே என்று அவருக்கு உத்தரவு. உள்ளே வருகிறவர்களை சாலிஸ், “வாருங்கள், பிரபுவே!” என்று குனிந்து வரவேற்பார். மளிகைக் கடைக்காரரும் பிரபுதான், அவர் கடையில் கடன் வைத்திருந்த கவிஞரும் பிரபுதான். பட்டம் இலவசம். பில் மட்டும் பிரபுக்களுக்கானது.

ஒருமுறை தான் செத்துப்போனதாகத் தானே அறிவித்து, தன் கடையிலேயே தனக்கு இறுதிச் சடங்கும் நடத்தினார். துக்கத்தை முன்னிட்டுக் கடை விடுமுறை என்றுதானே எல்லோரும் போர்டு வைப்பார்கள்? இவர் வைத்த போர்டு, துக்கத்தை முன்னிட்டுக் கடை திறந்திருக்கும் என்று சொன்னது. அன்று வந்து துக்கம் கேட்டவர்கள் காசு கொடுத்துத்தான் கேட்டார்கள்.

1885-இல் கடை பெரிய இடத்துக்குப் போனது. சாமான் மாற்றுவதற்கு நீங்களும் நானும் மினி லாரி கூப்பிடுவோம். சாலிஸ் தீப்பந்தம், ஈட்டி வீரர்கள், பாண்டு வாத்தியம் சகிதம் ராஜ ஊர்வலம் விட்டார். இத்தனை தடபுடலில் பழைய கடையில் ஒரே ஒரு நாற்காலியை மறந்துவிட்டார். பதிமூன்றாம் லூயி காலத்து நாற்காலி. அதன் மேல்தான் அடுத்த கதாநாயகர் கைவைத்தார்.

அரிஸ்டீட் புருவான். முன்னாள் ரயில்வே கம்பெனி குமாஸ்தா. சாலிஸ் கடையில் பாடிக்கொண்டிருந்தவர், காலியான அந்த இடத்தைப் பிடித்து ‘ல மிர்லித்தோன்’ என்று சொந்தக் கடை போட்டார். சாலிஸ் நாற்காலியைத் திருப்பிக் கேட்டார். புருவான் அதை உயரத் தொங்கவிட்டு, அதைப் பற்றி ஒரு பாட்டும் கட்டி, வருகிறவர்களையெல்லாம் கோரஸ் பாடவைத்தார். திருட்டுப் பொருளுக்கே தீம் மியூசிக் போட்ட முதல் மனிதர்.

திறப்பு விழா அன்று ஒரு சிலர்தான் வந்தார்களாம். கடுப்பான புருவான் அவர்களைக் கண்டபடி ஏசினாராம். மறுநாள் அதே ஆட்கள் நண்பர்களையும் கூட்டிக்கொண்டு வந்து, “நேத்து மாதிரியே திட்டுங்க!” என்று உட்கார்ந்துவிட்டார்களாம். கதை கொஞ்சம் ஊதப்பட்டதாக இருக்கலாம். ஆனால் கடையின் பிசினஸ் மாடல் சத்தியமாக அதுதான். கோட்டும் நகையுமாகப் பணக்காரர்கள் வண்டியில் வந்து இறங்குவார்கள். நுழையும்போது பாட்டாக ஏச்சு, எழுந்து போகும்போது இன்னொரு பாட்டு. நம் ஊர் சம்பந்தி வீட்டார் கேட்டால் ‘இதுக்கா காசு?’ என்று ஆச்சரியப்படுவார்கள்.

கறுப்பு அங்கி, அகலத் தொப்பி, சிவப்புக் கழுத்துத் துணி. துலூஸ்-லோத்ரெக் வரைந்த போஸ்டரில் புருவான் இன்றைக்கும் உலகம் முழுக்கக் காபி மக்கில் முறைத்துக்கொண்டிருக்கிறார். தெருவோரத்து ஏழைகளின் துயரத்தை உருக உருகப் பாடினார், பணக்காரர்கள் கண்ணீர் விட்டார்கள், கல்லா நிறைந்தது. கடைசியில் சொந்த ஊரில் ஒரு மாளிகை வாங்கி ஜமீன்தார் மாதிரி செட்டில் ஆனார். ஏழைகளின் பாடகர் என்பதில் சந்தேகமே இல்லை. முன்னாள் ஏழை என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டால் கணக்கு சரியாகிவிடும்.

நடுவில் 1898-இல் பெல்வில் தொகுதியில் தேர்தலுக்கும் நின்று பார்த்தார். தோற்றார். ஜனங்கள் தெளிவாகத்தான் இருந்தார்கள்: திட்டினால் பீர் வாங்குவோம், ஓட்டெல்லாம் கேட்கப்படாது.

இப்போது நம் ஜெயில் பார்ட்டி. மாக்ஸீம் லிஸ்போன். 1871-இல் பாரீஸ் கம்யூன் கலகத்தில் கர்னல். காலில் குண்டடி, பிடிபட்டு மரண தண்டனை, பிறகு அது கடுங்காவலாகக் குறைந்து பசிபிக் கடலில் நியூ கலடோனியாத் தீவு. 1880-இல் பொது மன்னிப்பில் நொண்டிக்கொண்டே ஊர் திரும்பினார். இவ்வளவு பட்ட மனிதர் என்ன செய்வார்? சுயசரிதை எழுதுவார், கட்சி ஆரம்பிப்பார். லிஸ்போன் பார் ஆரம்பித்தார்!

கடை பெயரே சிறைச்சாலைதான். வெயிட்டர்கள் கைதி உடையில், காலில் சங்கிலியை இழுத்துக்கொண்டு வந்து பரிமாறினார்கள். சுவரெல்லாம் கம்யூன் தலைவர்கள், தீவுச் சிறைக் காட்சிகள். கலகத்தை நசுக்கியபோது கைதட்டிய அதே மேல்தட்டு மக்கள் இப்போது உள்ளே போக வாசலில் வரிசை கட்டினார்கள். வெளியே வரும்போது விடுதலைச் சீட்டு உண்டு. லிஸ்போனுக்கு அந்தச் சீட்டு கிடைக்க ஒன்பது வருஷம் ஆனது; அவர் வாடிக்கையாளருக்கு ஒரு கிளாஸ் நேரம்.

ஜெயில் அலுத்ததும் லிஸ்போன் ‘புரட்சிகர வறுவல்’ என்ற பெயரில் உருளைக்கிழங்கு விற்றார். உலகத்தில் எத்தனையோ புரட்சிகள் கடைசியில் எண்ணெயில் பொரிந்திருக்கின்றன. அதைத் தானே ஒப்புக்கொண்டு, உப்பும் போட்டுக் கொடுத்த ஒரே புரட்சிக்காரர் இவர்தான்.

திட்டு பார்த்தாச்சு, ஜெயில் பார்த்தாச்சு, பாக்கி என்ன? சாவு! கிளிஷி புல்வாரில் 1892-இல் வந்தது ‘காபரே து நேயாந்’. சவப்பெட்டிதான் டேபிள், மேலே ஒரு மெழுகுவத்தி. தலைக்கு மேல் மண்டையோடும் எலும்பும் கோத்த சரவிளக்கு. பிணம் தூக்குகிறவர் உடையில் வெயிட்டர் வந்து, முகத்தில் சிரிப்பே இல்லாமல் ஆர்டர் எடுப்பார். டிப்ஸ் வாங்கும்போதும் சிரிக்கக் கூடாது. அதுதான் உத்தியோகத்தின் கஷ்டமான பகுதி.

மெனுவில் பானங்களுக்கெல்லாம் நோயின் பெயர், கிருமியின் பெயர். ‘காலரா ஒண்ணு, காசநோய் ரெண்டு!’ என்று உள்ளே குரல் போகும். இதில் விசேஷம், கிருமி என்பதே அப்போது லேட்டஸ்ட் சரக்கு. காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் அறிவித்தது 1882-இல். பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் அதே பாரீஸில் திறந்தது 1888-இல். காபரே திறந்த அதே 1892-இல் ஹாம்பர்க் நகரத்தில் நிஜக் காலரா ஆயிரக்கணக்கானவர்களை வாரிக்கொண்டு போனது. லேப்பில் கண்டுபிடித்தது பத்தே வருஷத்தில் பாருக்கு வந்துவிடுகிறது. பாடப் புத்தகத்துக்கு வரத்தான் காலம் பிடிக்கிறது.

அடுத்த அறையில் மெயின் ஷோ. பார்வையாளரில் ஒருத்தரைக் கூப்பிட்டு, செங்குத்தாக நிறுத்திய சவப்பெட்டிக்குள் நிற்கவைத்து வெள்ளைத் துணி போர்த்துவார்கள். பார்த்துக்கொண்டே இருக்கும்போது ஆசாமியின் சதை மங்கி, மங்கி, எலும்புக்கூடு மட்டும் நிற்கும். கொஞ்ச நேரத்தில் மறுபடி சதை வந்து, நெளிந்துகொண்டே தன் சீட்டுக்குத் திரும்புவார். சூட்சுமம் ஒரு கண்ணாடி. சாய்த்து நிறுத்திய பெரிய கண்ணாடித் தகடு. பக்கவாட்டில் மறைவாக ஒரு எலும்புக்கூடு. ஆள் மேல் விழும் வெளிச்சத்தைக் குறைத்து எலும்புக்கூட்டின் மேல் கூட்டினால் அதன் பிம்பம் ஆள் நிற்கிற இடத்தில் தெரியும். லண்டனில் பேராசிரியர் பெப்பர் 1862-லேயே நாடக மேடையில் காட்டிய வித்தைதான். 1896-இல் இதே ஷோ நியூயார்க் போனபோது ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ பத்திரிகை படம் போட்டு விளக்கிவிட்டது. ஸ்பாய்லர் அலர்ட் என்ற நாகரிகம் அப்போது வரவில்லை.

ஊரில் சாவுக்குப் பஞ்சமா என்றால் அதுவும் இல்லை. பாரீஸ் பிணவறையில் அடையாளம் தெரியாத பிணங்களைக் கண்ணாடிக்குப் பின்னால் கிடத்தியிருப்பார்கள். 1907 வரை யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம், கட்டணமே கிடையாது. குடும்பத்தோடு போனார்கள். அப்படியிருந்தும் காசு கொடுத்துக் காபரேவுக்கு ஏன் வந்தார்கள்? பிணவறையில் அடுத்தவன் சாவைத்தான் பார்க்கலாம். இங்கே தன் எலும்பைத் தானே எல்லோருக்கும் காட்டலாம். செல்ஃபி கண்டுபிடிக்காத காலத்தில் வேறென்ன செய்வார்கள், பாவம்!

செத்தாச்சு. அடுத்து எங்கே? அதே கிளிஷி புல்வாரில் 53-ஆம் எண்ணுக்கு. பூதத்தின் திறந்த வாய்தான் வாசல். அதுதான் நரகம், ‘லான்ஃபேர்’. உள்ளே கொப்பரை தொங்குகிறது, அடியில் நெருப்பு, கொப்பரைக்குள் வாத்தியக்காரர்கள் உட்கார்ந்து ‘ஃபவுஸ்ட்’ ஆபரா வாசிக்கிறார்கள். சுருதி பிசகினால் குட்டிச் சாத்தான் கம்பியால் குத்தும். பிராந்தி கலந்த காபி கேட்டால், பிசாசு வெயிட்டர் அதை உருகிய பாவமாகவும் கந்தகமாகவும் மொழிபெயர்த்து அடுக்களைப் பக்கம் கூவுவான். அமெரிக்க எழுத்தாளர் டபிள்யூ. சி. மாரோ போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார். எல்லாம் பயங்கரம்தான். பில்லும்.

பக்கத்துக் கதவு சொர்க்கம், ‘ல சியேல்’. சிறகு கட்டிய தேவதைகள் பரிமாற, வீணை மாதிரி ஹார்ப் ஒலிக்க, மேலேயிருந்து புனித பேதுரு எட்டிப்பார்த்துத் தீர்த்தம் தெளிப்பார். நடுவில் பக்தியோடு வணங்குவதற்குத் தங்கப் பன்றி ஒன்று. இரண்டு கடைக்கும் ஒரே முதலாளி! ஆயிரக்கணக்கான வருஷமாகத் தத்துவ ஞானிகள் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயத்தைப் புல்வார் பேலன்ஸ் ஷீட்டில் தீர்த்துவைத்தது. புண்ணியம் செய்தாலும் பாவம் செய்தாலும் வரவு ஒரே அக்கவுண்டில்தான்.

சாலிஸ், புருவான், லிஸ்போன், நரகத்து முதலாளி, எல்லோரும் மனிதன் நடுங்குகிற விஷயங்களையே பொறுக்கியெடுத்தார்கள். அவமானம், சிறை, சாவு, நரகம். இவையெல்லாம் ஊரில் இலவசமாகவே கிடைப்பவை. திரும்பி வருவதுதான் நம் கையில் இல்லை. அந்த ரிட்டர்ன் டிக்கெட்டைத்தான் ஒரு கிளாஸ் சுமாரான ஒயினோடு சேர்த்து இவர்கள் விற்றார்கள். இன்றைய தீம் ரெஸ்டாரண்டிலும் சாப்பாடு எப்படி என்று யாரும் விசாரிப்பதில்லை, கவனித்தீர்களா?

1922-இல் ஆந்த்ரே பிரெத்தோன் என்ற சர்ரியலிசக் கவிஞர் அந்தச் சொர்க்க நரகத்துக்கு மேலேயே, ஃபோந்தேன் தெரு 42-இல் குடிவந்தார். கனவும் நனவும் கலக்கும் புதிய கலையைப் பற்றி நண்பர்களோடு ராப்பகலாக விவாதித்தார். கீழே சாத்தான் வேஷக்காரர் ஒரு கையில் சூலாயுதமும் மறு கையில் பில்லுமாக ஓடிக்கொண்டிருந்தார். எது சர்ரியலிசம் என்று இரண்டு மாடியிலும் யாரும் கேட்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இரண்டையும் இடித்துவிட்டார்கள். அங்கே இப்போது மோனோப்ரி என்ற சூப்பர் மார்க்கெட். காபிப் பொடி காபி என்ற பெயரிலேயே, பிராந்தி பிராந்தி என்ற பெயரிலேயே கிடைக்கிறது. கவுன்டரில் யாரும் பிரபுவே என்று கூப்பிடுவதில்லை, திட்டுவதும் இல்லை. பையை எடுத்துக்கொண்டு சும்மா வெளியே வந்துவிடலாம். யாருமே நின்று ஃபோட்டோ எடுப்பதில்லை.