ஒரு சோடி, இரண்டு மலை

இந்த வாரம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் காலைப் பற்றியவை. சுவிஸ் நாட்டுப் பனியில் தொடங்கி நம் வட்டைச் சேற்றில் வந்து நிற்கின்றன. அதனால் பக்கம் முழுவதையும் சப்பாத்துக்கே கொடுத்துவிட்டேன்.

கே: என் மகன் சுவிஸில் வேலை செய்கிறார். லிஃப்ட் ஓடுகிற மலையிலும் லிஃப்ட் இல்லாத மலையிலும் பனிச்சறுக்குக்குப் போக ஒரே சப்பாத்து வாங்கப்போகிறாராம். ஐந்நூறு பிராங்குக்கு மேல் விலை. ஒரு சப்பாத்து இரண்டு வேலை செய்யுமா?
— ஓர் உம்மா, சம்மாந்துறை

ப: செய்யும் உம்மா. ஆனால் இரண்டிலும் முதலாம் பிள்ளையாக வராது. லேண்ட்மாஸ்டரை நினைத்துப் பாருங்கள். சேற்றில் இறங்க இரும்புச் சில்லு, ரோட்டில் ஓட டயர். சில்லை மாற்றாமல் இரண்டிலும் ஓட்ட நினைத்தால் எதையாவது விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

லிஃப்டில் ஏறிச் சறுக்கி இறங்குபவருக்குக் கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும் கனத்த சப்பாத்து வேண்டும். தன் காலால் மலை ஏறுபவருக்குக் கணுக்கால் மடங்கும் இலேசான சப்பாத்து வேண்டும். மகன் கேட்பது இரண்டுக்கும் நடுவில் நிற்கிற வகை. அதன் பின்பக்கத்தில் ஒரு சின்ன நெம்பு இருக்கும். திறந்தால் கணுக்கால் முன்னும் பின்னும் ஆடும், ஏறலாம். பூட்டினால் விறைத்து நிற்கும், சறுக்கலாம்.

பத்து நாள் பனிக்குப் போனால் எத்தனை நாள் லிஃப்ட், எத்தனை நாள் ஏற்றம் என்று மகனிடம் கேளுங்கள். எட்டு நாள் லிஃப்ட் என்றால் லிஃப்ட் சப்பாத்தையே வாங்கட்டும், மற்ற இரண்டு நாளுக்கு ஏறும் சப்பாத்தை வாடகைக்கு எடுக்கட்டும். பாதிக்குப் பாதி என்றால் அவர் கேட்பது சரி. துஆச் செய்து சம்மதம் சொல்லுங்கள்.

கே: லிஃப்ட் இல்லாமல் பனிமலையில் எப்படி ஏறுவது? வழுக்காதா?
— தரம் 10 மாணவி, நிந்தவூர்

ப: சறுக்குப் பலகையின் அடியில் நீளமான பட்டை ஒன்றை ஒட்டுவார்கள். பூனையின் முதுகைத் தலையிலிருந்து வால் பக்கம் தடவினால் வழுவழுப்பு, எதிராகத் தடவினால் மயிர் தடுக்கும் அல்லவா? அதேதான். முன்னே போகும், பின்னே வழுக்காது. முன்னொரு காலத்தில் கடல்நாயின் தோல், இன்று நைலோன் அல்லது அங்கோரா ஆட்டு மயிர். உச்சிக்குப் போனதும் பட்டையை உரித்துப் பையில் வைத்துவிட்டு, குதிக்காலைப் பலகையோடு பூட்டிக்கொண்டு இறங்குவார்கள். இப்படி ஏறி இறங்கும் போட்டி 2026 மிலானோ-கோர்ட்டினா குளிர்கால ஒலிம்பிக்கில்தான் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது.

கே: லிஃப்ட் சப்பாத்தைவிட அரைக் கிலோ குறைவு என்பதற்காக நடுவகைச் சப்பாத்துக்கு இவ்வளவு காசா?
— வியாபாரி ஒருவர், கல்முனை

ப: நீங்கள் மூடைக் கணக்குத் தெரிந்தவர், மூடையிலேயே சொல்கிறேன். லிஃப்ட் சப்பாத்து ஒன்று இரண்டு கிலோவுக்கு மேல். நடுவகை ஒன்றரையிலிருந்து 1.9 கிலோ வரை. ஏற்றத்துக்கென்றே செய்தது ஒரு கிலோவை ஒட்டி. ஒரு காலில் 400 கிராம் மிச்சம் என்று வைப்போம். அந்தக் காலை 2,500 தடவை முன்னே எடுத்து வைத்தால் ஆயிரம் கிலோ. 50 கிலோ மூடை இருபது! மறு காலுக்கு இன்னோர் இருபது. ஏறுபவர் நாற்பது மூடையைச் சுமக்காமல் உச்சிக்குப் போகிறார். அந்தக் காசு அதற்குத்தான்.

கே: கடையில் "ஃபிளெக்ஸ் 120, ஃபிளெக்ஸ் 130" என்று அடுக்குகிறார்கள். கூடின எண்தானே நல்லது?
— ஜெனீவாவிலிருந்து ஒரு தம்பி

ப: அது விறைப்பின் எண். பரீட்சைப் புள்ளி என்று நினைத்துவிடாதீர்கள் தம்பி. எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான அளவுகோலும் அதற்குக் கிடையாது. ஒருவரின் 120 இன்னொருவரின் 110 ஆக இருக்கலாம். உங்கள் எடை, உங்கள் பழக்கம், கால் பலம் மூன்றையும் பார்த்துத்தான் விறைப்பைத் தெரிய வேண்டும். முழங்காலை முன்னே தள்ளிப் பாருங்கள். சப்பாத்து கொஞ்சம் வளைந்து உங்களைத் தாங்கினால் சரி. சுவரில் முட்டியதுபோல் நின்றால் அது உங்களுக்குரியதல்ல, குறைந்த எண்ணுக்கு வாருங்கள்.

கே: ஊரில் என் சப்பாத்து எட்டு. அங்கே 26.5 என்கிறார்கள். எதை நம்புவது?
— பாசலுக்குப் புதிதாகப் போனவர், ஊர் இறக்காமம்

ப: இரண்டையும் விடுங்கள், பென்சிலை நம்புங்கள். குதிக்கால் சுவரில் முட்ட ஒரு தாளின் மேல் நில்லுங்கள். உடல் பாரம் முழுவதும் காலில் இறங்கட்டும். நீண்ட விரலின் நுனியில் கோடு போடுங்கள். சுவரிலிருந்து கோடு வரைக்கும் எத்தனை சென்றிமீற்றரோ, அதுதான் பனிச்சப்பாத்தின் இலக்கம். இரண்டு காலையும் அளந்து பாருங்கள், அநேகருக்கு ஒன்று சற்று நீளம்.

பிறகு கடையில் ஒரு சோதனை. சப்பாத்தின் உள்ளே இருக்கும் மெத்தை உறையை வெளியே இழுங்கள். வெறும் பிளாஸ்டிக் ஓட்டில் காலை விட்டு, விரல்கள் முன்சுவரை இலேசாகத் தொடும்வரை தள்ளுங்கள். இப்போது குதிக்காலுக்குப் பின்னால் கையை விடுங்கள். ஒரு விரல் நுழைந்தால் இறுக்கம், இரண்டு விரல் நுழைந்தால் பொருத்தம், மூன்று நுழைந்தால் பெரிது. 26க்கும் 26.5க்கும் பெரும்பாலும் ஓடு ஒன்றுதான் என்பதும் நினைவிருக்கட்டும். அரை இலக்கத்துக்காகக் கடை கடையாக அலைய வேண்டாம்.

உறையைத் திரும்பப் போட்டு, மெல்லிய காலுறை ஒன்றே ஒன்று அணிந்து, கடையிலேயே இருபது நிமிடம் நில்லுங்கள். நிமிர்ந்தால் விரல் முட்டலாம், முழங்காலை மடித்தால் விரல் பின்வாங்க வேண்டும். குளிருக்குப் பயந்து இரண்டு காலுறை போடாதீர்கள். இறுக்கம் இரத்த ஓட்டத்தை நெரிக்கும், கால் இன்னும் விறைக்கும்.

கே: எனக்கு எந்தச் சப்பாத்தும் முன்பக்கம் நெரிக்கிறது. சின்ன வயதில் வெறுங்காலோடு திரிந்ததாலா?
— லவுசானிலிருந்து ஒருவர், ஊர் மாளிகைக்காடு

ப: அதுவும் ஒரு காரணம். வெறுங்காலிலும் செருப்பிலும் வளர்ந்த காலின் முன்பகுதி விரிந்திருக்கும். அது குறை அல்ல, ஆரோக்கியமான கால். பனிச்சப்பாத்துகள் பெரும்பாலும் 98 மில்லிமீற்றரிலிருந்து 104 வரை அகலத்தில் வருகின்றன. அகலமானதைக் கேட்டு வாங்குங்கள். அதிலும் நெரித்தால், நல்ல கடையில் அந்த ஓர் இடத்தை மட்டும் சூடாக்கி வெளியே தள்ளித் தருவார்கள். அகலம் போதவில்லை என்று நீளத்தைக் கூட்டிவிடாதீர்கள். குதிக்கால் உள்ளே மிதக்கும், பலகை உங்கள் சொல் கேட்காது.

கே: சப்பாத்து வாங்கிவிட்டேன். எந்தப் பலகையிலும் மாட்டலாம்தானே?
— மேற்படி ஜெனீவாத் தம்பி

ப: மாட்டாதீர்கள். இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒன்றை மட்டும் வாசிப்பதென்றால் இதை வாசியுங்கள். லிஃப்ட் சப்பாத்தின் அடித்தளம் ஐ.எஸ்.ஓ. 5355 என்ற அளவில் இருக்கும். ஏறும் சப்பாத்து ஐ.எஸ்.ஓ. 9523. நடப்பதற்கு வளைந்த ரப்பர் அடி கொண்ட 'கிரிப்வோக்' ஐ.எஸ்.ஓ. 23223. பலகையின் மேல் சப்பாத்தைப் பிடிக்கும் கவ்வி எந்த அளவை ஏற்கும் என்று அதற்கான விபரத்தில் இருக்கும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

ஏற்றத்துக்குரிய சப்பாத்தின் மூக்கில் இரண்டு பக்கமும் சின்ன உலோகக் குழிகள் இருக்கும். கவ்வியின் ஊசிகள் அதில் குத்தி நிற்கும். ஒஸ்ரியாக்காரரான ஃப்ரிட்ஸ் பார்த்தல் 1980களில் உருவாக்கிய முறை இது. ஏறும்போது ஊசியிலும் இறங்கும்போது வழமையான கவ்வியிலும் நிற்கிற 'சலமன் ஷிஃப்ட்' போன்றவை 2018இல் வந்தன. உங்கள் நடுவகைச் சப்பாத்துக்கு அந்த மாதிரிக் கவ்விதான் நல்ல சோடி.

விழுகிற நொடியில் பலகை காலை விட்டுக் கழன்றாக வேண்டும். கழலாவிட்டால் திருகுவது முழங்கால். எடை, உயரம், வயது, பழக்கம், சப்பாத்தின் அடி நீளம் ஆகியவற்றைப் பார்த்துக் கடைக்காரர்தான் அந்த இறுக்கத்தை வைக்க வேண்டும். நண்பரின் கையில் திருப்புளியைக் கொடுக்காதீர்கள்.

கே: டுபாயில் வேலை. கடைத்தொகுதிக்குள்ளேயே பனி இருக்கிறதே, அதற்கும் சப்பாத்து வாங்கணுமா?
— சாய்ந்தமருது இளைஞர்

ப: வேண்டாம். 2005இல் திறந்த 'ஸ்கீ டுபாய்' அது. நீளமான சரிவே 400 மீற்றர்தான். சப்பாத்தும் பலகையும் அங்கேயே தருவார்கள். வீட்டுக்கு அனுப்பும் காசில் கை வைக்காதீர்கள்.

கே: ரொறன்ரோவில் இருக்கிறோம். நடுவகை வாங்கலாமா?
— ஒரு ராத்தா, ஊர் மருதமுனை

ப: உங்களுக்குக் கிட்டிய பெரிய சறுக்கு மலையான புளூ மவுண்டன் சுமார் 220 மீற்றர் இறக்கம். எல்லாம் லிஃப்ட். லிஃப்ட் சப்பாத்துப் போதும். பிள்ளைகளுக்கு வாங்கவே வேண்டாம், வாடகைக்கு எடுங்கள். அடுத்த வருசம் கால் வளர்ந்துவிடும்.

கே: நம் பக்கத்து நாடுகளில் இந்த இரண்டு வகை மலையும் உள்ள இடம் உண்டா?
— ஆசிரியர், அக்கரைப்பற்று

ப: உண்டு, கஷ்மீரின் குல்மார்க். கேபிள் காரின் முதற்கட்டம் கொங்டூரி வரை, இரண்டாவது கட்டம் அஃபர்வத் மலைத்தோளில் ஏறத்தாழ 3,950 மீற்றரில் விடும். நம் பிதுருதலாகலை 2,524 மீற்றர் என்பதை வைத்துப் பாருங்கள். இறங்கி நின்றால் கேபிள் காரை ஒட்டிய சரிவு ஒரு பக்கம், யாரும் தொடாத பனி மறு பக்கம். நடுவகைச் சப்பாத்து தன் விலைக்கு உழைக்கிற இடம். அந்தப் பகுதியில் வளர்ந்த ஆரிஃப் கான்தான் 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து போன ஒரே வீரர்.

தொடாத பனி அழகு, அதுவே ஆபத்தும். 2023 பெப்ரவரியில் அதே அஃபர்வத்தில் பனிச்சரிவு போலந்து நாட்டவர் இருவரின் உயிரைக் கொண்டுபோனது. சறுக்கப் போகும் பிள்ளைகளே, லிஃப்ட் எல்லையைத் தாண்டுவதென்றால் சமிக்ஞைக் கருவி, மண்வெட்டி, துழாவும் கம்பி மூன்றும் ஒவ்வொருவர் பையிலும் இருக்க வேண்டும். அவற்றைப் பாவிக்கப் பயிற்சியும் வேண்டும். சுவிஸில் டாவோஸ் நகரத்துப் பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் நாள்தோறும் ஆபத்தை ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிட்டு அறிவிக்கிறது. அதைப் பார்க்காமல் சப்பாத்தின் கொக்கியைப் போடாதீர்கள்.

கே: மலையில் லுஹர் நேரம் வந்தால் இந்தச் சப்பாத்தைக் கழற்றித்தான் வுழூச் செய்யணுமா?
— சூரிச்சிலிருந்து ஒரு வாசகர், ஊர் சம்மாந்துறை

ப: காலுறை மேல் மஸ்ஹ் செய்யும் சலுகை மார்க்கத்தில் இருக்கிறது. வுழூவோடு அணிந்திருக்க வேண்டும், கணுக்காலை மூடியிருக்க வேண்டும். ஊரில் இருப்பவருக்கு ஒரு நாள், பயணிக்கு மூன்று நாள். பிளாஸ்டிக் சப்பாத்து அதில் அடங்குமா, அதோடு ஸுஜூது நிறைவேறுமா என்பதை உங்கள் உலமாவிடம் கேளுங்கள். காலின் பக்கத்திலிருந்து நான் சொல்வது: பகலில் ஒரு தடவை கழற்றுவது காலுக்கு நல்லது. கழுவினால் விரலிடுக்கு வரை துடைத்து, உலர்ந்த காலுறையை மாற்றிக்கொண்டு அணியுங்கள். ஈரக் கால்தான் முதலில் விறைக்கும்.

கே: பனியெல்லாம் இருக்கட்டும். ரப்பர் பூட்ஸோடு வயலில் இறங்கினால் சேறு பூட்ஸைப் பிடித்துக்கொள்கிறது. வெறுங்காலோடு இறங்கினால் எலிக்காய்ச்சல் என்கிறார்கள். வரம்புக்கும் சேற்றுக்கும் ஒரே சப்பாத்து இல்லையா?
— விவசாயி ஒருவர், மல்வத்தை

ப: காக்கா, சுவிஸ் மகன் கேட்டதையும் நீங்கள் கேட்டதையும் தராசில் வைத்தால் உங்கள் பக்கம்தான் தாழும். முழங்கால் சேற்றுக்குப் பொருந்தும் பூட்ஸை நம் சந்தையில் நான் கண்டதில்லை. காலை இழுத்தால் கால் வரும், பூட்ஸ் சேற்றிலேயே நிற்கும். அதனால் வேலையைப் பிரியுங்கள். வரம்பு செதுக்க, வாய்க்கால் துப்புரவாக்க, மருந்தடிக்க, அறுவடைக்கு பூட்ஸ் கட்டாயம். மருந்தடிக்கும்போது காற்சட்டையின் கால் பூட்ஸுக்கு வெளியே தொங்கட்டும், உள்ளே விட்டால் வழிகிற மருந்து நேரே பாதத்துக்குப் போகும். பூட்ஸும் காலுக்கு அளவாக இருக்கட்டும், தொளதொளத்ததைத்தான் சேறு முதலில் பறிக்கும்.

ஆழச் சேற்றுக்கு உங்கள் சப்பாத்து ஒரு மாத்திரை. எலி, மாடு, எருமை ஆகியவற்றின் சிறுநீரிலிருந்து கிருமி தண்ணீரில் கலந்து, காலில் உள்ள சிறு கீறல் வழியே உள்ளே போகிறது. வயலில் இறங்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அல்லது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். வாரம் ஒருமுறை எடுக்கும் டொக்சிசைக்ளின் மாத்திரையை அவர்கள் சொல்கிறபடி எடுங்கள். கீறலை நீர் புகாத பிளாஸ்டரால் மூடுங்கள். 2008இல் இந்த நாட்டில் 7,000க்கும் மேற்பட்டோர் இந்தக் காய்ச்சல் என்ற சந்தேகத்தில் பதிவானார்கள். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, சிறுநீர் குறைவு என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "வயலில் இறங்கினேன்" என்று டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

கே: வாப்பாவுக்குச் சீனி வருத்தம். காலில் உணர்வு குறைவு. என்ன சப்பாத்து?
— ஒரு மகள், வீரமுனை வீதி, சம்மாந்துறை

ப: முன்பக்கம் அகன்ற, உள்ளே தையல் உறுத்தாத, பின்பக்கம் பிடிப்புள்ள சப்பாத்து. பின்னேரத்தில் வாங்குங்கள், கால் அப்போது சற்று வீங்கியிருக்கும். போடுமுன் உள்ளே கையை விட்டுப் பாருங்கள், ஒரு சின்னக் கல் கிடந்தாலும் அவருக்குத் தெரியாது. வீட்டுக்குள்ளும் வெறுங்கால் வேண்டாம். இரவில் பாதத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். புண் தெரிந்தால் அடுத்த நாளே கிளினிக்.

எல்லாருக்கும் ஒரு வார்த்தை. இன்று இஷாவுக்குப் பிறகு வீட்டில் உள்ளவர்களின் காலைத் தாளில் வைத்து அளந்து, இலக்கத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சப்பாத்து பனிக்கோ பள்ளிக்கூடத்துக்கோ வயலுக்கோ, அந்தத் தாளைக் கையில் கொண்டு கடைக்குப் போங்கள்.