மலைப்பாதை மேஸ்திரி

தோல் ஷாப்புகளின் சுண்ணாம்பு நெடியும் பிரியாணி அண்டாக்களின் மணமும் ஒரே காற்றில் கலந்து வீசும் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களில், ஆறு நாள் உழைத்துவிட்டு ஏழாம் நாள் குளிர்ந்த காற்று வாங்க மலைப்பக்கம் புறப்படும் ஜனங்களுக்கு வழி வகுத்துக் கொடுப்பதையே ஜன்ம சாபல்யமாகக் கருதும் புண்ணியவான் ஒருவர் தெருவுக்குத் தெரு இருக்கிறார். மலைப்பாதை மேஸ்திரி என்பது அவருக்கு நான் சூட்டிய திருநாமம்.

உத்தியோகத்தில் அவர் தோல் ரகம் பிரிப்பவர். மேஜைமேல் விரித்த தோலை உள்ளங்கையால் ஒரு தடவை தடவிவிட்டு, இது உண்ணி கடித்த இடம், இது முள் கீறியது, இது சூட்டுத் தழும்பு, இது உரித்தவனுடைய கத்தி செய்த கைங்கரியம் என்று குற்றப்பத்திரிகை வாசித்து, முதல் ரகம், இரண்டாம் ரகம், ரிஜெக்ட் என மூன்று அடுக்காக வீசிப் பழகிய அந்தக் கை, சாலை என்று வந்தால் மட்டும் சும்மா இருக்குமா? ஏலகிரிப் பாதை முதல் ரகம், ஆனால் அதில் குரங்கு என்னும் குறை உண்டு. ஜவ்வாது மலையின் உட்பாதைகள் மழைக்கு முன் ஒரு ரகம், மழைக்குப் பின் வேறு ரகம். கைபேசி காட்டும் குறுக்குவழிகளோ பார்க்காமலே ரிஜெக்ட். அந்தக் குறுக்குவழி முதலில் தார்ச்சாலையாக இருந்து, பிறகு மண்பாதையாகி, அப்புறம் மாட்டுத்தடமாகி, அனுமதியின்றி நுழையக் கூடாத காப்புக்காட்டின் நடுவில் நம்மை நிறுத்திவிட்டு, சிக்னலையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விடும் என்பது அவருடைய தீர்மானமான அபிப்பிராயம்.

ஞாயிற்றுக்கிழமைப் பிரயாணத்துக்குப் புதன்கிழமையே பேரேடு திறந்துவிடுவார். சூரிய அஸ்தமனம் எத்தனை மணிக்கு, ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, பெட்ரோலை அடிவாரத்திலேயே நிரப்பியாயிற்றா, வீட்டில் யாரிடம் எந்த வழியாகப் போகிறோம் என்று சொல்லியிருக்கிறது என்பவையெல்லாம் அதில் வரிசையாக ஏறும். மைத்துனன் பொறுக்கமாட்டாமல், "மாமா, நாம ஏலகிரிக்குத்தானே போறோம், எவரெஸ்டுக்கா?" என்று கேட்பான். "ஏலகிரி ஆயிரத்து நூறு மீட்டர் உயரம்டா மாப்பிள்ளை. உருண்டு விழ அவ்வளவு வேண்டாம், பத்து மீட்டர் போதும்" என்று பதில் வரும். இவ்வளவு முன்னேற்பாட்டுக்கும் பிறகு, விடியற்காலை ஐந்தரைக்குப் புறப்படுவதாகப் பேரேட்டில் கண்ட வண்டி பத்தரை மணிக்குத்தான் தெருமுனையைத் தாண்டும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பிரியாணியும் கத்தரிக்காயும் தயாராகாமல் ஆம்பூரில் எந்த வண்டிதான் நகர்ந்திருக்கிறது?

பொன்னேரி அடிவாரத்தில் அவருடைய ராஜ்யபாரம் ஆரம்பமாகும். அங்கிருந்து மேலே 14 கொண்டை ஊசி வளைவுகள். தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர்களை அவற்றுக்கு வைத்திருக்கிறார்கள். மலைச்சாலை குறுகிய இடத்தில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்டம். முல்லைக்கொடிக்குத் தேரையே விட்டுக்கொடுத்த பாரியின் பரம்பரையில் பிறந்தவர்கள், ஏறிவரும் பஸ்ஸுக்கு ஒரு முழம் இடம் விட மனம் வராமல் வள்ளல் பெயர் தாங்கிய வளைவிலேயே முறைத்துக்கொண்டு நிற்பதைக் காணும்போது மேஸ்திரிக்கு ரத்தம் கொதிக்கும். எந்த கியரில் ஏறுவாயோ அதே கியரில்தான் இறங்க வேண்டும் என்பது அவருடைய மூலமந்திரம். நியூட்ரலில் விட்டு இறங்கிப் பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறவனுக்கு என்ஜினின் பிடிமானம் கிடையாது. பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில் விழுகிறது. பிரேக் சூடேறிச் சூடேறிக் கடைசியில் மிதித்தாலும் பிடிப்பதில்லை. அதற்கு முன்னறிவிப்பாகக் கருகல் நாற்றம் வரும் என்று பொதுவாகச் சொல்வார்கள். "அந்த நாற்றத்தை நம்பாதே அப்பா, ஷாப்பில் பிழைக்கிற நமக்கு மூக்கு செத்து எத்தனையோ வருஷமாச்சு" என்று மேஸ்திரி எச்சரிக்கும்போது அவருடைய சாஸ்திர ஞானத்தோடு சுயஞானமும் வெளிப்படும்.

ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறும் தினங்களில் அவருக்குச் சற்றே தத்துவப் போக்கு வந்துவிடும். குரோம் வந்து ஆதிக்கம் பெறுவதற்கு முன், ஆவாரம்பட்டையைக் கொண்டு தோல் பதனிட்ட காலத்தில், இந்த வட்டாரத்துத் தொழிலுக்குப் புதர்க்காடே மூலதனமாக இருந்தது. தாத்தா பட்டையைத் தேடிப் போன திசையில் பேரன் காட்சியைத் தேடிப் போகிறான் என்று பெருமூச்சு விடுவார். சந்தன மரத்துக்குப் பேர்போன மலையாதலால், சோதனைச் சாவடியில் வனக்காவலர் கை காட்டுமுன்பே இறங்கிப் போய், டிக்கியைத் திறந்து காட்டிப் பிரியாணிப் பாத்திரத்தின் மூடியையும் தூக்கிக் காட்டிவிடுவார். காவலூரை நெருங்கும்போது, வைணு பாப்பு வானாய்வகத்தில் 1986இல் திறக்கப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கிக்கு இடையூறு நேராதிருக்க முகப்பு விளக்கைத் தாழ்த்தச் சொல்வார்; அப்போது பிற்பகல் மூன்று மணியாக இருக்கும்.

யானை விஷயத்தில் மட்டும் அவர் விளையாட மாட்டார். பேரணாம்பட்டிலிருந்து ஆந்திரத்து வி.கோட்டா போகும் மலைச்சாலை கௌண்டின்யா சரணாலயத்தின் பக்கம் செல்வது. 1980களில் ஓசூர்ப் பக்கத்துக் காடுகளிலிருந்து வந்து அங்கே குடியேறிய யானைகளுக்கு மாநில எல்லை என்ற ஒன்று தெரியாதாகையால், குடியாத்தம் பக்கத்து வாழைத்தோட்டம் வரை அவை விஜயம் செய்வதுண்டு. பொழுது சாய்ந்தபின் அந்தச் சாலையில் உல்லாசப் பயணம் கூடாது. யானையைக் கண்டால் தூரத்திலேயே நிறுத்த வேண்டும், ஹாரன் அடிக்கக் கூடாது, பின்னால் போக இடம் வைத்துக்கொள்ள வேண்டும், படம் எடுக்க ஒருவரும் இறங்கக் கூடாது என்பார். இருட்டில் சாலை மிருகங்களுக்கே சொந்தம் என்பதற்கு, 27 வளைவுகள் கொண்ட திம்பம் பாதையில் 2022 முதல் இரவுப் போக்குவரத்துக்குத் தடை வந்ததை ஆதாரம் காட்டுவார். இத்தனைக்கும் கோயில் யானையைத் தவிர வேறு யானையை அவர் கண்ணால் கண்டதில்லை. கண்டதில்லை என்பதே அவருடைய திட்டத்தின் வெற்றி என்று நான் நினைக்கிறேன்.

அவரைப் பரிகசிக்கிறவர்கள் யார் என்பதையும் கவனித்திருக்கிறேன். வளைவிலேயே வண்டியை நிறுத்திப் பாட்டு வைப்பவர்கள், குரங்குக்குச் சிப்ஸ் பொட்டலம் நீட்டுபவர்கள், பங்குனி வெயிலில் காய்ந்து கிடக்கும் போதைப்புல்லில் பீடித் துண்டை எறிபவர்கள், பாட்டிலைப் பாறையில் மோதி உடைத்து, வெறுங்காலோடு நடக்கும் மலைவாசிக்கும் காட்டு மிருகத்துக்கும் பரிசாக விட்டு வருபவர்கள் ஆகியோரே அந்தக் கோஷ்டியில் பெரும்பான்மை. பிளாஸ்டிக் பைகளுக்கு மாநிலம் முழுவதும் 2019 முதலே தடை இருக்க, அவற்றை மலையுச்சி வரை சுமந்துபோய் அங்கே இறக்கிவைப்பவர்களும் இவர்களே. மேஸ்திரியின் வண்டியிலோ தின்ற இலையும் காகிதமும் ஒரு சாக்கில் கட்டுண்டு அவரோடு ஆம்பூருக்கே திரும்பிவிடும்.

ஆகையால், அடுத்த ஞாயிறு மலையேற உத்தேசித்திருக்கும் அன்பர்கள் உங்கள் தெரு மேஸ்திரியைத் தவறாமல் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையை மட்டும் அவருக்குக் கொடுக்காதீர்கள். அங்கே இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து, இருக்கிற தரையை ஓட்டையாக்கிவிடுவார்.