ஊதாவுக்கும் ரோசுக்கும் வித்தியாசம் தெரியுதாலே?

ஏலே பேராண்டி, லேப் டெக்னீசியன் படிப்புல சேரப் போறியாமே. சந்தோசம். அட்மிசன் போடுமுன்னயே வெள்ளக் கோட்டு தச்சாச்சு. கழுத்துல ஸ்டெதஸ்கோப்பு வேற. அதோட போட்டோ புடிச்சு ஸ்டேட்டசும் வச்சாச்சு. அது எதுக்குலே? டியூப்புக்குள்ள கெடக்க ரத்தத்துக்கு நெஞ்சு துடிக்குதான்னு வச்சுக் கேக்கப் போறியா?

காலேஜ்காரன் வழவழ தாள்ல அச்சடிச்சுக் குடுத்ததையும் பாத்தேன். ஆர்வம் வேணுமாம், தலைமைப் பண்பு வேணுமாம். ஏசி ரூமாம், எல்லாத்தையும் மெசினே பாத்துக்கிடுமாம். ஆயுசுல பாதிய சர்க்கார் ஆஸ்பத்திரி லேப்புல கழிச்சவம் நான். ஒருத்தன் வேலை பழக வந்தா தலைமைப் பண்பையா கேப்பேன்? "ஊதாவுக்கும் ரோசுக்கும் வித்தியாசம் தெரியுதாலே?"ன்னுதான் கேப்பேன்.

சிரிக்காத. 1884-ல கிராம்னு ஒரு டாக்டர் கிருமிக்குச் சாயம் போடுத வழியச் சொன்னாரு. சாயம் போட்டுக் கழுவுனா ஒரு வகைக் கிருமி ஊதாவா நிக்கும், இன்னொரு வகை ரோசாத் தெரியும். எந்த மருந்த எழுதணும்னு டாக்டருக்கு அதுதான் முதல் துப்பு. சளியில காசநோய்க் கிருமி, நீலத்துக்கு நடுவுல சன்னமான செவப்புக் குச்சியாக் கெடக்கும். நீ கலர் பிரியாத கண்ண வச்சுக்கிட்டு அங்கன உக்காந்து என்ன செய்வ? இஷிஹாரான்னு ஒரு ஜப்பான்காரர் 1917-லயே புள்ளி புள்ளியா, நடுவுல நம்பர ஒளிச்சு வச்சு ஒரு புத்தகம் போட்டாரு. கண்ணாஸ்பத்திரியில காட்டுவாவ. அஞ்சு நிமிசச் சோலி. பீஸ் கட்டுமுன்ன போய்ப் பாரு. கட்டுன பொறவு தெரிஞ்சா காலேஜ்காரனா திருப்பித் தரப் போறான்? பச்சை செவப்பு பிரியாத கொறை ஆம்பளப் பயலுவளுக்குத்தான் கூட. அதுவும் அம்மா வழியா வரது. அப்படி ஏதும் இருந்தா ஒங்க அம்மையப் பெத்த தாத்தாவப் போய்க் கேளு. நான் ஒங்கப்பனப் பெத்தவம், எம்மேல பழி போடாத.

அடுத்தது கையி. நரம்பக் கண்ணால தேடாத, வெரலால தேடு. தடிச்ச கையி, வத்திப்போன கெழவி கையின்னு நூறு தினுசு வரும். ரப்பரக் கட்டிட்டு ஒரு நிமிசத்துக்கு மேல தடவிக்கிட்டு இருக்கக் கூடாது. "கைய மூடித் தொற, மூடித் தொற"ன்னு கசக்க வச்சியோ, பொட்டாசியம் ஏறிக் காட்டும். வாயும் வேணும்லே. "இம்புட்டு ரத்தத்த உறிஞ்சுதியே, விக்கவா போற?"ன்னு ஆச்சிமாரு கேப்பாவ. சிரிக்க வச்சுக்கிட்டே எடுக்கத் தெரியணும். மூக்கு? விடியக்காலம் ஒன் மேசையில வரிசையா வந்து நிக்கது பூச்செண்டா? சளி, மூத்திரம், மலம். நீ அம்மா கருவாடு வறுத்தாலே வாசலுக்கு ஓடுதவன்.

கை நடுங்குதவனையாவது பழக்கிரலாம். கெட்டிக்காரன் இருக்கானே, அவனுக்குத்தான் நான் பயப்படுவேன். செவப்பு மூடி டியூப்புல ரத்தம் கொறையும். திரும்பக் குத்துனா நோயாளி வைவாம். உடனே ஊதா மூடியிலருந்து கொஞ்சம் சாய்ச்சுக்கிடுவாம். யாருக்குத் தெரியப் போவுது? ஊதா மூடிக்குள்ள ரத்தம் ஒறையாம இருக்க ஈடிடிஏன்னு ஒரு உப்பு இருக்குலே. அதுல பொட்டாசியம் உண்டு. கால்சியத்தையும் அது புடிச்சு வச்சுக்கிடும். ரிசல்ட்டுல பொட்டாசியம் எகிறும், கால்சியம் பாதாளத்துக்குப் போவும். திண்ணையில உக்காந்து வெத்தல போட்டுக்கிட்டிருக்க மனுசன், காயிதத்துல சாகக் கெடப்பாம். நீல மூடியில ஒம்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு மருந்து. கோடு வரைக்கும் நெறையணும், இல்லாட்டி ரத்தம் ஒறையுத நேரம் தப்பாக் காட்டும். ஆத்துல போட்டாலும் அளந்து போடும்பாவ, ரத்தத்த அளக்காம விடலாமா?

மெசின் கண்டுபுடிச்சுரும்னு நெனைக்காத. பாதித் தப்ப அது கண்டுக்கிடாது. நீ குடுத்தத எண்ணி அச்சடிச்சுத் தள்ளிரும். தெனம் காலையில விடை தெரிஞ்ச கன்ட்ரோலக் குடுத்து, சரியாச் சொல்லுதான்னு அதுக்கு நாமதான் பரிச்ச வைக்கோம். ரத்தம் யாருதுன்னும் அதுக்குத் தெரியாது. வார்டுல மூணு மாரியம்மா படுத்திருப்பாவ. "நீங்கதான மாரியம்மா?"ன்னு கேட்டா, காது மந்தமான பேச்சியம்மாளும் தலையாட்டுவா. "ஒங்க பேரு என்ன ஆச்சி?"ன்னு கேளு. அவ வாயால சொல்லட்டும். சீட்டு நம்பரையும் ஒத்துப் பாரு. எடுத்த கையோட அவ முன்னுக்கயே டியூப்புல எழுது. ரத்தத்துல வகை இருக்குன்னு லாண்ட்ஸ்டைனர் 1901-லயே சொல்லிட்டாரு. பேரு மாறி, வகை மாறி ஏத்துனா உசுருக்கே ஒல.

ரத்தம் கட்டி தட்டிப் போச்சா? "திரும்ப எடுக்கணும்"னு சொல்லு. டாக்டர் மொறைப்பாரு, சிஸ்டர் வைவாவ. வையட்டும். மனசுல தோணுன நம்பர எழுதிக் குடுத்து, 'ரொம்ப வேகமான பையன்'னு பேரு வாங்குதவன் எங்க காலத்துலயும் இருந்தாம். அந்த வேகம் ஒனக்கு வேண்டாம்.

அப்பல்லாம் பிப்பெட்ட வாயாலதான் உறிஞ்சுவோம். இப்ப அது கூடவே கூடாதுன்னுட்டாவ, நல்லதாப் போச்சு. குத்துன ஊசிக்கு மூடியத் திருப்பிப் போடாத, வெரல்ல ஏறிரும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூணு தவண உண்டு. இன்னைக்கு ஒண்ணு, ஒரு மாசம் கழிச்சு ஒண்ணு, ஆறாம் மாசம் ஒண்ணு. படிப்பு தொடங்குமுன்ன ஆரம்பிச்சுரணும். நாளைக்குக் காலம்பற கெளம்பி இரு, நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்.

ஏன்லே மொகம் வெளுக்கு? ஊசின்னா பயமா?