மீதி டேப்பில் ஒரு பாட்டு

வாடிக்கையாளர் கேட்ட பாடல்களை ஒலிநாடாவில் பதிந்து கொடுப்பதையே முழுநேரத் தொழிலாகக் கொண்டு, 1970-களின் பிற்பகுதியிலிருந்து 1990-களின் இறுதிவரை தமிழ்நாட்டின் சிறு நகரக் கடைத்தெருக்களில்கூட இயங்கிய கடைகள் ‘ரெக்கார்டிங் சென்டர்’ என்ற பெயரால் அறியப்பட்டன. கைகளை விரித்தால் இருபுறச் சுவரிலும் இடிக்கக்கூடிய அந்த அறைகளில், முன்னால் ஒரு கண்ணாடி மேசை, பின்னால் விட்டம்வரை அடுக்கிய இசைத்தட்டுகள், நடுவே தட்டு சுழலும் டர்ன்டேபிள் ஒன்றும் டேப் டெக்குகள் இரண்டும், மூலையில் ஊதுபத்திப் புகையில் பாதி மறைந்த முருகன் படம், அப்புகைக்கும் மேலே தெருவைப் பார்த்து முழங்கும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் ஆகியவை இடம்பெற்றிருக்கும். தமிழ்த் திரையிசையைப் பற்றி எழுதுவோர் இசையமைப்பாளருக்கும் கவிஞருக்கும் பாடகருக்கும் அத்தியாயங்களை ஒதுக்குகின்றனர். அந்த இசையில் எதை எவர் எந்த வரிசையில் கேட்கவேண்டும் என்பதை உண்மையில் தீர்மானித்த கடைக்காரருக்குப் பெரும்பாலும் அடிக்குறிப்பில்கூட இடம் கிடைப்பதில்லை.

இக்கடைகள் தோன்றியதற்குப் பொருளாதாரமே காரணம். நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் எல்.பி. தட்டும், 45 முறை சுழன்று பெரும்பாலும் நான்கு பாடல்களைப் பாடி முடிக்கும் சிறிய இ.பி. தட்டும், அவற்றை ஓட்டும் கருவியும் நடுத்தரக் குடும்பத்தின் மாதக் கணக்கில் அடங்காத பொருள்களாக இருந்தன. பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் அறிமுகப்படுத்திய கேசட் இந்த நிலையை மாற்றியது. வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் இருந்து திரும்பியோரின் பெட்டிகளில், வானொலியும் டேப்பும் ஒரே கூட்டில் அமைந்த ‘டூ இன் ஒன்’ கருவிகள் வரத் தொடங்கியபின், வீட்டில் கருவி இருந்தும் போட்டுக் கேட்கப் பாட்டு இல்லை என்ற புதுவகை வறுமை உருவானது. இசை நிறுவனங்கள் வெளியிட்ட கேசட்டுகளிலோ ஏ பக்கத்தில் ஒரு படத்தையும் பி பக்கத்தில் தொடர்பே இல்லாத இன்னொரு படத்தையும் இணைத்து விற்கும் வழக்கம் இருந்தது. இது மணப்பெண்ணோடு அவளுடைய தம்பிமார் அனைவரையும் புகுந்த வீட்டுக்கு அனுப்பிவைப்பதை ஒத்த ஏற்பாடாகும். விரும்பிய பாட்டை மட்டும் தனியே எடுத்துத் தருவதாகச் சொன்ன ரெக்கார்டிங் சென்டர் வாசலில் கூட்டம் கூடியதில் வியப்பில்லை.

பதிவு என்பது பூசைக்குரிய ஒழுங்குடன் நடைபெற்ற காரியம். கேசட்டின் தொடக்கத்தில் ஒலியை ஏற்காத வெற்று நாடா சில விநாடி நீளத்துக்கு இருக்கும். ஆறுபட்டைப் பென்சிலைப் பல்சக்கரத்தில் செருகிச் சுற்றி அதைக் கடத்துவது முதல் வேலை. அடுத்து, உள்ளங்கைகளுக்கு இடையில் விளிம்பை மட்டும் பிடித்துத் தட்டை உறையிலிருந்து உருவி, வெல்வெட்டுத் துணியால் வட்டமாக ஒற்றியெடுத்து, சுழலவிட்டு, இரண்டு பாடல்களுக்கு இடையில் தெரியும் மெல்லிய கறுப்பு இடைவெளியில் முள்ளை இறக்கவேண்டும். முள் தட்டைத் தொடும் ‘பொத்’ என்ற ஓசை முடிந்து முதல் இசைக்குறிப்பு எழுவதற்குள் இருக்கும் கணநேரத்தில் டெக்கின் ‘பாஸ்’ பொத்தானை விடுவிக்கவேண்டும். முந்தினால் பொத்தோசையும் பதிவாகும், பிந்தினால் பாடகரின் முதல் எழுத்து போய்விடும். இந்தக் கணத்தில் கடைக்குள் எவரும் தும்மக்கூடாது என்ற விதி, தும்மல் நாடாவில் பதிவாக வழியே இல்லாதபோதும், பல கடைகளில் கடுமையாகக் கடைப்பிடிக்கப்பட்டது. 90 நிமிட நாடாவைப் பதிய 90 நிமிடமும் ஆகும் என்பதால், தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் ‘நாளைக்கு வாங்க’ என்ற சொற்றொடர், பஞ்சாங்கம் அறியாத ஒரு நாளைக் குறிக்கும் கலைச்சொல்லாக நிலைபெற்றது.

பதிவு முடிந்ததும் கேசட்டின் முதுகிலுள்ள இரண்டு பிளாஸ்டிக் நாக்குகள் ஸ்க்ரூடிரைவரால் உடைக்கப்படும். அந்த நாக்குகள் இல்லாத கேசட்டில் மறுபதிவு செய்ய டெக் மறுத்துவிடும் என்பதால், இது பாடல்களுக்கு அளிக்கப்பட்ட நிரந்தரப் பாதுகாப்பு எனக் கருதப்பட்டது. அந்தப் பள்ளத்தின்மேல் செலோ டேப்பை ஒட்டி, சோகப் பாடல்கள் அனைத்தின்மீதும் அக்கா மகளின் ஆத்திசூடியைப் பதிந்துவைத்த குடும்பங்களுக்கு அந்தப் பாதுகாப்பு ஒரு தடையாக இருக்கவில்லை.

எனினும் கடைக்காரரின் உண்மையான புலமை வெளிப்பட்டது கணக்கில்தான். சி-90 என்ற கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிடம் ஓடும். திரைப்பாடல் ஒன்று நான்கிலிருந்து ஐந்து நிமிடம் பிடிக்கும். வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்த பட்டியலை எப்படி முன்னும் பின்னும் மாற்றி அடுக்கினாலும், பக்கத்தின் முடிவில் ஒன்றரை நிமிடமோ மூன்று நிமிடமோ நாடா மிஞ்சும். இந்த ‘மீதி டேப்’பை என்ன செய்வது என்பதில் கடைக்காரர்களிடையே மூன்று மரபுகள் இருந்தன. முதல் மரபினர் அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டு, நாடா எங்கே முடிகிறதோ அங்கே முடியட்டும் என விதியின் கையில் ஒப்படைத்தனர். முதல் சரணத்தின் நடுவில் கழுத்தறுபட்ட அப்பாடல்களை அந்த வடிவிலேயே மனப்பாடம் செய்தவர்களில், அவற்றுக்கு இரண்டாவது சரணம் உண்டு என்பதை நடுவயதில் ஏதோ ஒரு பேருந்துப் பயணத்தில் கேட்டுத் திடுக்கிட்டோர் உள்ளனர். இரண்டாம் மரபினர் நாடாவை வெறுமையாக விட்டனர். நேர்மையான இந்த முறைதான் மிகுதியான சண்டையை விளைவித்தது. “முழு டேப்புக்குத்தானேண்ணே காசு வாங்குனீங்க, கடைசியில உஸ்ஸுனு காத்துதான் வருது” என்ற வாதத்துக்கு எந்தக் கடைக்காரரிடமும் விடை இல்லை.

மூன்றாம் மரபினரே இத்துறையின் அறிஞர்கள். மிஞ்சிய நாடாவின் நீளத்தைக் கண்ணால் அளந்து, அதற்குள் முழுமையாக அடங்கும் ஒன்றைத் தம் இருப்பிலிருந்து தேடி எடுத்து, கேட்கப்படாமலே இட்டுக் கொடுப்பது அவர்களுடைய முறை. ஒன்றரை நிமிடம் என்றால் படத்தின் டைட்டில் இசை. அதைவிடக் குறைவென்றால் சொல்லே இல்லாத ஹம்மிங் துண்டு. மூன்று நிமிடம் மிஞ்சினால்தான் அவர்களுடைய முகம் மலரும். ஏனெனில், நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பழைய அரக்குத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்தைச் சற்றே தாண்டும் அளவுக்கு மட்டுமே இடம் கொடுத்ததால், அக்காலத்துப் பாடகர்கள் அந்த வரம்புக்குள் ஆலாபனையையும் உருக்கத்தையும் முடித்துக்கொள்ளப் பழகியிருந்தனர். எனவே இளையராஜாவின் ஒன்பது காதல் பாடல்களைக் கேட்டு வாங்கிய கல்லூரி மாணவர், பத்தாவதாக எம்.கே. தியாகராஜ பாகவதரையோ பி.யு. சின்னப்பாவையோ பெற்றுச் சென்றார். முதல் வாரம் அதை ஓட்டித் தள்ளினார். ஓட்டும் பொத்தான் பழுதான பிறகு கேட்டார். பிறகு ஒருநாள் குளியலறையில் தம்மையறியாமல் பாடிக்கொண்டிருந்தார். தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்குப் பழைய பாடல்களின்பால் ஏற்பட்ட பற்றில் வானொலிக்கும் பெற்றோருக்கும் உரிய பங்கை மறுக்கவேண்டியதில்லை. ஆனால் மூன்று நிமிட மீதி நாடாவுக்கும் அதில் பங்குண்டு என்பதும், கேட்ட பாடல்களுக்குக் காசு வாங்கிய கடைக்காரர் தம் மனத்தை வைத்தது கேட்காத பாடலில்தான் என்பதும் இங்கே வலியுறுத்தத் தக்கவை.

பட்டியலோடு வருவோரை வகைப்படுத்தினால் முதலிடம் காதலர்க்கே உரியது. நோட்டுப் புத்தகத்தின் நடுத்தாளைக் கிழித்து எழுதப்பட்ட அந்தப் பட்டியல்களில், பாடல் வரிசையே கடிதமாகச் செயல்பட்டது. ஒரே தெருவிலிருந்து ஒரே வாரத்தில் வந்த இரண்டு பட்டியல்களில் பாதிப் பாடல்கள் பொதுவாக இருப்பதைக் கண்ட கடைக்காரர், இரு வீட்டாருக்கும் தெரியாத ஒன்றைத் தாம் அறிந்திருப்பதை உணர்ந்தும், மருத்துவருக்குரிய மௌனத்தோடு இன்லே கார்டில், அதாவது கேசட் டப்பாவுக்குள் செருகும் அட்டையில், சிவப்பு மையால் தலைப்பையும் நீல மையால் பாடல் வரிகளையும் எழுதிக்கொண்டிருந்தார். சில மாதங்கள் கழித்து அவ்விரு பட்டியலில் ஒன்று மட்டும் ‘முழுக்கச் சோகம், சி-90’ என்று திரும்பிவரும்போதும் அந்த மௌனம் கலையாது. கேசட் விலையில் ஒரு ரூபாய் குறையும், அவ்வளவே.

கர்நாடக இசை ரசிகர்கள் வேறு வகை. ராகம் தானம் பல்லவியில் தனி ஆவர்த்தனத்தின் நடுவே பக்கம் மாற்றவேண்டியிருப்பதைத் தனிப்பட்ட அவமதிப்பாகக் கருதிய அவர்கள், மிருதங்கக்காரர் சற்றுச் சுருக்கமாக வாசித்திருக்கலாம் என்பதை மட்டும் ஒப்புக்கொண்டதில்லை. இரவுப் பேருந்து ஓட்டுநர்களோ பயணிகள் உறங்கவேண்டும், தாம் உறங்கக்கூடாது என்ற இரட்டைத் தேவையோடு வந்தனர். இதற்குப் பொருந்தும் பாடல்களை ஒரே கேசட்டில் தொகுப்பது சிக்கலான கலையாகும். வெளிநாட்டிலிருந்து திரும்பியவர், தம் கருவியில் இரண்டு ஸ்பீக்கர்கள் இருப்பதை விருந்தினருக்கு மெய்ப்பிக்கும் பாடல்களையே கேட்டார். ஸ்டீரியோ முறையில் பதிவாகி 1978-இல் வெளிவந்த ‘ப்ரியா’ படப் பாடல்கள் அத்தகையோருக்கு நெடுங்காலம் கைகொடுத்தன. திருமண வீடுகளுக்குக் குழாய் கட்டும் சவுண்டு சர்வீஸ்காரர்கள் விடியற்காலைக்கு எம்.எஸ். சுப்புலட்சுமியின் சுப்ரபாதம், பிறகு சீர்காழி கோவிந்தராஜனின் பக்திப் பாடல்கள் என்று மாறாத வரிசையை வைத்திருந்தனர். 1984-இல் வந்த ‘விதி’ படத்தின் நீதிமன்ற வசனக் கேசட்டு அந்த வரிசையைக் குலைத்தது. மணமகன் முகத்தில் சந்தனம் பூசப்படும் வேளையில், கைவிட்டுப் போன ஆண் மீது ஒரு பெண் தொடுத்த வழக்கின் குறுக்கு விசாரணை தென்னை மரத்து உச்சியிலிருந்து முழங்கியது.

கடையில் வேலைக்குச் சேர்ந்த பையனின் கல்வி வேறு திசையில் சென்றது. கல்லாவையும் டெக்கையும் தொட அனுமதி பெறுவதற்கு முன் அவன் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஹெட்டைத் துடைக்கவும், கருவி மென்று துப்பிய நாடாவை உள்ளங்கையில் நீவிச் சுருக்கெடுக்கவும், டீ வாங்கிவரப் போகும் வழியில் எதிர்க்கடை எந்தப் புதுப்பாட்டைப் போட்டிருக்கிறது என்று காதில் வாங்கிவரவும் கற்றான். கீறல் விழுந்த தட்டைப் பாடவைக்கும் நாணயவியலும் அவனுக்குக் கற்பிக்கப்பட்டது. முள் துள்ளும் தட்டுகளுக்கு டர்ன்டேபிளின் கைமுனையில் காசு வைத்து எடை கூட்டும் முறை அது. இலேசான கீறலுக்கு அலுமினிய ஐந்து பைசா, ஆழமானதற்குப் பத்துப் பைசா. நாலணாவை வைத்தால் கீறல் அடங்கும், கூடவே பாட்டும் தேய்ந்துவிடும் என்பதால் அது முதலாளியின் ஒப்புதலுக்குரிய இறுதிச் சிகிச்சை. காசு வைக்க மறந்த ஒரு மார்கழிக் காலையில் பக்திப் பாடல் தட்டொன்று இறைவன் பெயரிலேயே சிக்கி, அதே பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்க, அதை நாமசங்கீர்த்தனம் என்று கருதிய பெரியவர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றார் என்பது போன்ற செய்திகள் எல்லா ஊர்க் கடைகளைப் பற்றியும் வழங்குகின்றன. எல்லாமே உண்மையாக இருக்கவும் கூடும்.

கடைக்குச் சரக்கு வந்த வழிகளில் ஒன்று பழைய தட்டுச் சந்தை. சென்னையில் அதற்குப் பெயர்பெற்ற இடம் மூர் மார்க்கெட். 1985-இல் தீயில் அழிந்து, வணிகர்கள் அல்லிக்குளம் வளாகத்துக்குப் பெயரும்வரை பழைய புத்தகங்களோடு தட்டுகளும் அங்கே குவிந்து கிடந்தன. ஏ.வி. மெய்யப்பன் படத்தயாரிப்புக்கு வருமுன் பங்குதாரராக இருந்து நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ் வெளியிட்ட ஓடியன் தட்டும், நாய் முத்திரை போட்ட எச்.எம்.வி. தட்டும் ஒரே கோணிப்பையில் உரசிக்கொண்டிருக்கும். விலை தட்டைப் பார்த்துச் சொல்லப்படுவதில்லை, வாங்குபவரின் முகத்தைப் பார்த்துச் சொல்லப்படும். ஆகவே தேர்ந்தவர்கள் தேடிய தட்டை இரண்டு வேண்டாத தட்டுகளுக்கு நடுவில் செருகி, வேண்டாத தட்டுக்கு மட்டும் நெடுநேரம் பேரம் பேசி, நடுவில் இருப்பதைச் சலிப்போடு கேட்பர். இருபது ஆண்டுகளாக அதே உத்தியைப் பார்த்துவந்த வணிகரும் அதே சலிப்போடு நடுத்தட்டுக்கு மட்டும் விலையை ஏற்றுவார். தட்டுகளைப் புரட்டுவதில் படிப்பும் இருந்தது: சவுண்டு சர்வீஸின் ரப்பர் முத்திரை குத்திய தட்டில் எந்தப் பாட்டின் பள்ளங்கள் மட்டும் தேய்ந்து சாம்பல் பூத்திருக்கின்றன என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், அந்த ஊரார் எதை விரும்பிக் கேட்டனர் என்பது விற்பனைக் கணக்கைவிடத் தெளிவாக விளங்கும்.

இந்தத் தொழில் சட்டத்துக்குப் புறம்பானது என்பதையும் சொல்லியாகவேண்டும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையாளரின் அனுமதியின்றிப் பாடலைப் படியெடுத்து விற்பது குற்றம். கேசட் பெருகியதைக் கண்டு 1984-இல் அச்சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனையும் கடுமையாக்கப்பட்டது. சோதனை வரும் என்ற வதந்தி எழும் நாட்களில் பெயர்ப்பலகைமீது துணி தொங்கும், பட்டியல் கொடுக்க வந்தவருக்கு ‘இங்க டார்ச் லைட்டுதான் ரிப்பேர் பண்றோம்’ என்று பதில் கிடைக்கும். உரிமையாளர்களின் இழப்பு மெய்யானது, அதைச் சிரித்துக் கடந்துவிட முடியாது. அவர்களுடைய பாட்டு எந்தத் தேநீர்க் கடைவரை சென்றது என்பதில் இந்தக் கடைகளுக்கும் பங்கிருந்தது என்பதும் மெய்யே.

கடைகளை மூடியது சட்டமன்று, எம்.பி.3. ஒரே குறுந்தகட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள் அடங்கியபோது பட்டியல் எழுதும் வேலை மறைந்தது. செல்பேசியின் மெமரி கார்டு வந்தபோது பாட்டின் நீளத்தை அறியவேண்டிய தேவையும் மறைந்தது. ரீசார்ஜும் ஜெராக்ஸும் சேர்த்துக்கொண்டு பிழைத்த சில கடைகளில், “நாலு ஜி.பி.யும் ரொப்பிருங்கண்ணே, எதுவா இருந்தாலும் சரி” என்று கார்டை நீட்டிய வாடிக்கையாளரிடம் எதைத் தேர்ந்தெடுப்பது, எதை மிச்சம்பிடிப்பது? புதுப்பாட்டு, குத்துப்பாட்டு, சாமிப்பாட்டு என்று கோப்புறை கோப்புறையாக நிரப்பிய பிறகும், மூன்றாம் மரபைச் சேர்ந்த முதியவர்கள் கடைசியில் ‘மிக்ஸ்’ என்று ஒரு சிறு கோப்புறையை உருவாக்கி அதில் பாகவதரையும் சின்னப்பாவையும் போட்டுவிட்டனர். வாடிக்கையாளர் நினைத்தால் அதை அழித்துவிட முடியும். அப்படி ஒன்று இருப்பதையே பெரும்பாலோர் பார்க்காததால் அழிக்கவும் இல்லை.